மோதாத அணிகளை வரிசைப்படுத்துவது எப்படி?

தோட்டத்துச் சுற்றுப்போட்டி பெரும்பாலும் விலகல் முறையில்தான் நடக்கும். தோற்ற அணி அன்றைக்கே லொறி ஏறிவிடும். மலையகத்தில் சமதரை குறைவு; இருந்த இடத்திலும் தேயிலையை நட்டுவிட்டார்கள். மைதானம் கிடைப்பது ஒரு சனி, ஞாயிறுக்கு. பின்னேரமானால் பனி மூட்டமோ மழையோ வந்து பந்தை மறைத்துவிடும். 16 அணிகள் வந்தால் விலகல் முறையில் 15 ஆட்டங்களோடு கிண்ணம் யாருக்கென்று தெரிந்துவிடுகிறது. எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதித்தான் ஆகவேண்டும் என்றால் 120 ஆட்டங்கள் தேவை. அத்தனை ஆட்டத்துக்கு யார் லீவு கொடுப்பார்?

கிண்ணத்தைத் தூக்கியவர் யாரென்பதில் சண்டை வராது. சண்டை வருவது இரண்டாமிடத்தில்தான். முதல் சுற்றிலேயே சம்பியன் அணியிடம் ஒரு கோலால் தோற்று வீட்டுக்குப் போன அணி, இறுதியாட்டத்தில் அதே சம்பியனிடம் ஐந்து கோல் வாங்கிய அணியைவிட மோசமானதா? சீட்டுக் குலுக்கியபோது எந்தப் பாதியில் பெயர் விழுந்தது என்பதுதானே வித்தியாசம்! இந்த அநியாயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர், ஆலிஸின் அற்புத உலகத்தை எழுதிய லூயிஸ் கரோல். ஒக்ஸ்போர்டில் கணிதம் படிப்பித்த மனிதர். 1883-இல் டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறையைக் கண்டித்து ஒரு சிறு வெளியீடே போட்டார். அவருடைய வாதத்தை நம் 16 அணிகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். எப்போதும் திறமைப்படியே வெற்றி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், உண்மையிலேயே இரண்டாவது சிறந்த அணி இறுதியாட்டத்துக்கு வர அது சம்பியன் இல்லாத மறுபாதியில் விழுந்திருக்க வேண்டும். மீதி 15 இடங்களில் மறுபாதியில் இருப்பவை 8. ஆக, நிகழ்தகவு 8/15. கிட்டத்தட்ட பூவா தலையா போடுவது போலத்தான்.

இதே சிக்கல் அமெரிக்காவில் பூதாகரமாக வளர்ந்தது. அவர்கள் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அதன் முதல்தரப் பிரிவில் சுமார் 120 அணிகள் இருந்தன. உடம்பை முறிக்கும் ஆட்டம் என்பதால் ஓர் அணி ஒரு பருவத்தில் 12 தடவைபோலத்தான் ஆட முடியும். 120 அணிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்தால் 7,140 சோடிகள் வரும். நடப்பதோ 720 ஆட்டங்களுக்குப் பக்கத்தில். பத்தில் ஒரு சோடிதான் நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாட்டிலேயே சிறந்த இரண்டு அணிகளைத் தெரிந்தெடுத்து இறுதியாட்டத்துக்கு அனுப்ப வேண்டும். நெடுங்காலம் சம்பியன் யாரென்பதையே பத்திரிகையாளரும் பயிற்றுநரும் வாக்குப் போட்டுத் தீர்மானித்தார்கள். 1998 பருவத்திலிருந்து 2013 பருவம் வரை அந்த வாக்குகளோடு கணினிப் பட்டியல்களையும் கலந்தார்கள். கடைசிப் பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு செல்வாக்கு ஆறு கணினி நிரல்களிடம் இருந்தது. அந்த ஆறையும் எழுதியவர்கள் பெரிய கம்பனிகள் அல்லர். ஒருவர் வானியற்பியலாளர், ஒருவர் தொற்றுநோய் மருத்துவர், ஒருவர் இளங்கலை ஆய்வேடாக இதைத் தொடங்கிய கணித மாணவர்.

கணினி என்னதான் செய்தது? தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஒருத்தி இன்றைக்கு 22 கிலோ, இன்னொருத்தி 17 கிலோ. யார் கெட்டிக்காரி என்று கேட்டால், எடை போடும் கணக்கப்பிள்ளை எதையும் சொல்லலாம், கூடப் பறித்தவள் முதலில் கேட்பது "எந்த மலையில?" என்றுதான். கவாத்து வெட்டி நன்றாகத் துளிர்த்த மலையில் எடுத்த 22-ஐயும், வறட்சியில் காய்ந்த மேட்டுமலையில் எடுத்த 17-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். எத்தனை வென்றாய் என்பதற்கு முன்னால் யாரை வென்றாய் என்று கேட்பதுதான் அந்த ஆறு நிரல்களும் செய்த வேலை.

ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. மலை காய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். எதிரணி பலமானதா என்று எப்படிப் பார்ப்பது? அது யாரை வென்றது என்று பார்த்து. அவர்கள் பலமானவர்களா? அவர்கள் யாரை வென்றார்கள் என்று பார்த்து. இப்படியே போனால் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். இந்தச் சுழலை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் கூட்டல் கழித்தல்.

பிரின்ஸ்டனில் வானியற்பியல் படித்த வெஸ்லி கொலி என்பவருடைய முறையை எடுத்துக்கொள்வோம். ஆறு பேரில் தன் சூத்திரத்தை முழுமையாக வெளியிட்டவர் அவர் ஒருவர்தான் என்பது ஒரு காரணம். தாளும் பென்சிலும் போதும் என்பது இன்னொன்று.

ஒரு கற்பனைத் தோட்டம். நான்கு அணிகள்: மேல்பிரிவு, பெக்டரிப் பிரிவு, கீழ்ப்பிரிவு, புதுக்காடு. மழையால் மூன்றே ஆட்டங்கள்தான் நடந்தன. மேல்பிரிவு பெக்டரியை வென்றது. பெக்டரி கீழ்ப்பிரிவை வென்றது. கீழ்ப்பிரிவு புதுக்காட்டை வென்றது. பெக்டரிக்கும் கீழ்ப்பிரிவுக்கும் ஆளுக்கொரு வெற்றி, ஒரு தோல்வி. சாதாரணப் புள்ளிப் பட்டியலில் இரண்டும் சமம்.

கொலி முதலில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு தொடக்க மதிப்பைக் கொடுக்கிறார். வெற்றிகளோடு 1-ஐக் கூட்டு, ஆட்டங்களோடு 2-ஐக் கூட்டு, முன்னதைப் பின்னதால் வகு. ஆட்டமே ஆடாத அணிக்கு இது 1/2 ஆகிறது. எதுவும் தெரியாதபோது நடுவில் வைப்பதுதானே நியாயம். ஒன்றாடி ஒன்றை வென்றால் 2/3. முழுசாக 1 கொடுக்கமாட்டார், ஒரு வெற்றியை வைத்து அவ்வளவு நம்பத் தயாரில்லை. இந்த 1-உம் 2-உம் லப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதரிடமிருந்து வந்தவை. நாளைக்கும் சூரியன் உதிக்குமா என்பதற்கு நிகழ்தகவு தேடிய ஆள் அவர். ஆக மேல்பிரிவுக்கு 0.667, பெக்டரிக்கும் கீழ்ப்பிரிவுக்கும் 0.5, புதுக்காட்டுக்கு 0.333.

இப்போது எதிரணியின் பலத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். தொகுதியில் மூன்று விஷயங்களைக் கூட்டுகிறோம்: 1, வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்து வந்ததில் பாதி, சந்தித்த எதிரணிகள் அனைத்தின் மதிப்பு. பகுதியில் முன்போலவே ஆட்டங்களோடு 2. பெக்டரிக்கு: 1 + 0 + 0.667 + 0.5, இதை 4-ஆல் வகுத்தால் 0.542. கீழ்ப்பிரிவுக்கு: 1 + 0 + 0.5 + 0.333, வகுத்தால் 0.458. ஒரே சுற்றில் சமநிலை உடைந்துவிட்டது. பெக்டரி தோற்றது மேல்பிரிவிடம், கீழ்ப்பிரிவு வென்றது புதுக்காட்டை என்பது கணக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெக்டரியின் மதிப்பு மாறியதால் அதை வென்ற மேல்பிரிவின் மதிப்பும் மாற வேண்டும். அது மாறினால் மறுபடி பெக்டரி. புதிய எண்களைப் போட்டுத் திரும்பத் திரும்ப இதையே செய்துகொண்டு போனால் ஒவ்வொரு தடவையும் மாற்றம் சுருங்கி, ஒரு கட்டத்தில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். மேல்பிரிவு 0.679, பெக்டரி 0.536, கீழ்ப்பிரிவு 0.464, புதுக்காடு 0.321.

சாதாரண தரத்தில் படித்த ஒருங்கமை சமன்பாடுகள்தான் இவை. நான்கு அணிக்கு நான்கு சமன்பாடு, நான்கு தெரியாக் கணியம். 120 அணிக்கு 120. தாயமாக எழுதிக் கொடுத்தால் கைத்தொலைபேசியே கண் இமைக்குமுன் தீர்த்துவிடும். கணினிப் பட்டியல் என்றதும் இயந்திரம் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்து யோசிப்பதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அது எந்த ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. 1-ஐயும் 2-ஐயும் கூட்டச் சொன்னவர் மனிதர். அதற்கப்புறம் வருவதெல்லாம் எண்கணிதம்.

இந்த எண்கணிதத்துக்கு ஒரு வேடிக்கைக் குணம் உண்டு. மேற்சொன்ன தோட்டத்தில் அடுத்த வாரம் ஐந்தாவதாக ஆத்துப்பக்கம் என்றோர் அணி வந்து, புதுக்காட்டிடம் தோற்றுவிட்டது என்று வையுங்கள். கீழ்ப்பிரிவு அன்றைக்கு ஆடவில்லை. ஆனாலும் அதன் மதிப்பு 0.464-இலிருந்து 0.500-க்கு ஏறிவிடும். தான் வென்ற புதுக்காடு, நினைத்த அளவுக்குச் சோப்ளாங்கி இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா! அந்த அலை பெக்டரிக்கும் போய் 0.536-ஐ 0.545 ஆக்கும். மேல்பிரிவைத் தொடும்போது 0.679 என்பது 0.682 ஆகி அடங்கும். தூரம் போகப் போக அலை சிறுக்கிறது, அற்றுப்போவதில்லை.

2010 டிசம்பரில் இந்தக் குணம் அமெரிக்காவில் ஒரு மானக்கேட்டை உண்டாக்கியது. பருவத்தின் இறுதிப் பட்டியல் வந்தபிறகு, ஜெரி பாம் என்ற ஆய்வாளர் கொலியின் கணக்கை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். கீழ்த்தரப் பிரிவில் அப்பலேச்சியன் ஸ்டேட் அணிக்கும் வெஸ்டர்ன் இலினோய் அணிக்கும் நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவு தரவில் சேர்க்கப்படவே இல்லை. அதைச் சேர்த்ததும் மேல்தரப் பட்டியலில் 10-ஆம், 11-ஆம் இடங்கள் மாறிப்போயின. இடம் மாறிய எல்.எஸ்.யூ., பொய்சி ஸ்டேட் ஆகிய இரண்டும் அந்தப் பருவத்தில் மேற்படி இரு அணிகளில் எதனோடும் மோதியவை அல்ல. கொலி தவறை ஒப்புக்கொண்டு திருத்தினார். பலர் அப்போது அவர்மேல் பாய்ந்தார்கள். எனக்கோ அந்த ஆறில் அதிகம் நம்பத்தக்கது அவருடையதுதான் என்று படுகிறது. சூத்திரத்தை வெளியில் வைத்ததால்தான் ஒரு வெளியாளால் பிழையைப் பிடிக்க முடிந்தது. மற்ற ஐந்திலும் என்னென்ன பிழை கிடந்ததோ.

எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றாய் என்பதைச் சேர்ப்பதா விடுவதா என்பது இன்னொரு பழைய சண்டை. கணக்கு ரீதியாகப் பார்த்தால் சேர்ப்பதுதான் நல்லது. 5–0 என்பதில் 1–0-ஐவிடத் தகவல் அதிகம். ஆனால் சேர்த்தால், ஏற்கெனவே வென்றுவிட்ட அணி நோஞ்சான் எதிரணியைப் போட்டு மிதிக்கத் தொடங்கும். அமெரிக்கர்கள் 2002-இலிருந்து வெற்றி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாதென்று எல்லா நிரல்களுக்கும் தடை போட்டார்கள். பட்டியல் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, ஆட்டம் அசிங்கமாகக் கூடாது என்ற முடிவு அது. எனக்கு அதில் உடன்பாடுதான். உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபா கூட ஆண்கள் தரவரிசையில் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, பெண்களுடையதில் பார்க்கிறது. பெண்கள் கணக்கில் சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு 100 புள்ளி கூடுதலாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் கணக்கில் அதுவும் இல்லை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் வந்து மூச்சு வாங்கிய கொழும்பு அணி எதுவும் இதை ஒப்புக்கொள்ளாது.

பீபாவின் பெயர் வந்ததால் இலங்கையின் பக்கம் ஒரு கண். பீபாவில் 211 உறுப்பு நாடுகள். நம் ஆண்கள் அணி அண்மைய ஆண்டுகளில் 200-ஐ ஒட்டியே நிற்கிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? 2018 ஆகஸ்டிலிருந்து பீபா பயன்படுத்துவது, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் படிப்பித்த ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த முறையின் ஒரு வடிவம். அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960-இலும் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-இலும் ஏற்றுக்கொண்ட முறை. கொலி எல்லா ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுத் தீர்க்கிறார். ஈலோ ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் உடனே கணக்கை நேர் செய்கிறார். ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை வைத்து, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார். எதிர்பார்த்ததைவிடக் கூடச் செய்தால் ஏற்றம், குறைந்தால் இறக்கம்.

உன்னைவிட 200 புள்ளி கூடிய அணியோடு சிநேகபூர்வ ஆட்டம் ஆடுகிறாய் என்றால், பீபா சூத்திரப்படி உன்னிடம் எதிர்பார்ப்பது 0.317. வழமையான சர்வதேசக் காலத்தில் நடக்கும் சிநேகபூர்வ ஆட்டத்தின் நிறை 10. தோற்றால் 3.2 புள்ளி போகும். வென்றால் 6.8 வரும். சமநிலையானால்கூட 1.8 இலாபம். அதே எதிரணியோடு உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் என்றால் நிறை 25. வென்றால் 17 புள்ளி. நீ பெற்றது அவன் இழந்தது. பொதுவாக மொத்தப் புள்ளி மாறுவதில்லை. அதனால்தான் அடிமட்டத்து அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் அங்கேயே கிடக்க நேரிடுகிறது. மேலே போக வேண்டுமென்றால் புள்ளி வைத்திருப்பவனோடு மோதியாக வேண்டும். அவன் ஏன் நம்மோடு ஆட வருகிறான்?

2018-க்கு முன்பிருந்த சூத்திரம் இதைவிட விசித்திரம். ஆட்டங்களின் சராசரியை எடுத்ததால், நிறை குறைந்த சிநேகபூர்வ ஆட்டத்தை வென்றாலும் சராசரி இறங்கக்கூடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த போலந்து, குலுக்கலுக்கு முந்திய மாதங்களில் சிநேகபூர்வ ஆட்டங்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு 2018 உலகக் கிண்ணக் குலுக்கலில் பலமான அணிகளுக்கான முதற்பானையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆடாமலே ஏறுவதில் நம் அரசியல்வாதிகளுக்கே பாடம் எடுக்கலாம்.

கிரிக்கெட்டிலும் இதே இரத்தம்தான் ஓடுகிறது. 1987-இல் டெட் டெக்ஸ்டர் தொடங்கிவைத்த வீரர் தரவரிசையில், வீழ்த்தப்பட்ட துடுப்பாட்டக்காரர் எவ்வளவு பெரியவர் என்பதைப் பொறுத்தே விக்கெட்டின் மதிப்பு கூடும், குறையும். தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன் அந்தப் பட்டியலில் தொட்ட உச்சம் 920. வரலாற்றிலேயே அதைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இதுவரை சொன்ன எல்லா முறைகளும் ஒரே ஓர் இடத்தில் கைவிரிக்கும்.

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து அணிகள் தங்களுக்குள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இராகலை, கந்தப்பளைப் பக்கத்து அணிகள் தங்களுக்குள். நடுவில் மலையும் வளைவும் பஸ் செலவும். இந்தக் கூட்டத்தில் எந்த அணியும் அந்தக் கூட்டத்தில் எதனோடும் ஒரு தடவைகூட மோதவில்லை. அப்படியானால் நோர்வூட் அணியும் கந்தப்பளை அணியும் ஒன்றுக்கொன்று எப்படி? கொலியின் சமன்பாடு தயங்காமல் விடை தரும். இரு கூட்டத்தின் சராசரியும் தனித்தனியே சரியாக 0.5 என்று வைத்துக்கொண்டு. அந்தச் சமத்துவத்தை எந்த ஆட்டமும் நிரூபிக்கவில்லை. சூத்திரத்துக்குள் முன்கூட்டியே போட்டுவைத்த ஊகம் அது. விடை வந்தது, மூன்று தசமதானத்தோடு வந்தது, ஆகவே சரி என்று நினைத்துவிடுவோம்.

1929-இலேயே ஜேர்மன் கணிதர் ஏர்ன்ஸ்ட் ஸெர்மெலோ இதைக் கண்டுபிடித்து எழுதினார். எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடிக்காத சதுரங்கப் போட்டியில் பலத்தைக் கணிக்க வழி தேடியபோது, அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்டக்காரரை எப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்தாலும், இரு பக்கத்திலிருந்தும் யாராவது ஒருவர் மறுபக்கத்தாரில் ஒருவரையாவது வென்றிருக்க வேண்டும். அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் ஒழுங்கான விடையே கிடையாது. அவருடைய முறையில் தோற்காத அணியின் பலம் முடிவிலிக்கு ஓடிவிடும். கொலி கூட்டிய அந்த 1-உம் 2-உம்தான் அந்த ஓட்டத்தைத் தடுக்கும் கட்டை. நிம்மதியான ஏற்பாடுதான், ஆனாலும் தடுப்புக் கட்டை தகவல் ஆகிவிடாது.

இதெல்லாம் பந்தாட்டத்தோடு முடிகிற விஷயம் என்றால் யாரும் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. மலையகத்தில் ஒவ்வொரு வீடும் அறிந்த தரவரிசை வேறொன்று: உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. அதுவும் மோதாதவர்களை வரிசைப்படுத்துகிற வேலைதான். ஒருவர் ஒரு பாடத்தில் 70 எடுக்கிறார், இன்னொருவர் வேறொரு பாடத்தில் 70 எடுக்கிறார். இரண்டு 70-உம் ஒன்றா? பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் மொழிவழித் தரப்படுத்தல் என்றும், 1974-இல் மாவட்டக் கோட்டா என்றும் வந்தவை இந்த நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டன என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 2000களின் தொடக்கத்திலிருந்து பாடங்களுக்கிடையிலான ஒப்பீட்டுக்குப் பயன்படுவது இசட் புள்ளி. பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. சராசரி 50, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 70 என்பது 2.0. சராசரி 55, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் அதே 70 வெறும் 0.75. மூன்று பாடத்தின் இசட் புள்ளியையும் சராசரியாக்கினால் வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடும் நாலு தசமதான எண் வந்துவிடும்.

இங்கே எதிரணி யார்? அதே பாடத்தை எழுதிய மற்ற எல்லோரும். அந்தக் கூட்டம் பலமானதாக இருந்தால் சராசரி ஏறி உன் எண் இறங்கும். சூத்திரத்தால் கூட்டத்தின் பலத்தை அளக்க முடியாது. ஒவ்வொரு பாடத்துக் கூட்டமும் சமம் என்று எடுத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. கொலியின் 0.5-உம் இசட்டின் 0-உம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

2011 உயர்தரப் பரீட்சையில் இது வெடித்தது. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு கூட்டமும் எழுதின. வெவ்வேறு வினாத்தாள்கள். அதாவது ஒன்றோடொன்று மோதாத இரண்டு கூட்டங்கள். இரண்டையும் சேர்த்து இசட் புள்ளி கணித்து வெட்டுப்புள்ளி வெளியிட்டார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாதென்று தள்ளி, இரு கூட்டத்துக்கும் வெவ்வேறாகக் கணிக்கச் சொன்னது. தனித்தனியே கணித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பழைய திட்டத்தின் 1.8-ஐயும் புதிய திட்டத்தின் 1.8-ஐயும் பல்கலைக்கழக வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தானே ஆகவேண்டும்? அதைக் கணிதம் தீர்க்காது. இரு பக்கத்துக்கும் எத்தனை இடம் என்று யாராவது ஒருவர் முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மாவட்டக் கோட்டா அப்படிப்பட்ட ஒரு கையெழுத்துதான், ஒளிக்காமல் போட்ட கையெழுத்து. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நெடுங்காலமாக 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எடுத்த 1.2-க்கும் கொழும்பில் நாலு ரியூசன் போய் எடுத்த 1.2-க்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்தச் சராசரியும் நியம விலகலும் காட்டாது என்பதால், அதை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். கோட்டா மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. நுவரெலியா நகரமும் டயகமத் தோட்டமும் அதன் கண்ணுக்கு ஒன்றே. வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே பரீட்சை எழுதி, நம் வெட்டுப்புள்ளியில் நுழைந்துவிடுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் பழகிப்போன செய்தி. போலந்து செய்ததும் இதுதான், சூத்திரத்தைப் படித்துவிட்டு அதற்கேற்ற இடத்தில் போய் நிற்பது. கோபப்படலாம், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மைதானத்துக்கே திரும்பினால், அங்கே மருந்து மலிவு. இரண்டு பள்ளத்தாக்குகளின் அணிகளை ஒரே பட்டியலில் போட 120 ஆட்டம் வேண்டாம், குறுக்கே போகும் சில ஆட்டங்கள் போதும். ஒரேயோர் ஆட்டம் என்றால் அதன் முடிவு இரு கூட்டத்தின் எல்லா அணியையும் ஏற்றி இறக்கிவிடும். அன்றைக்கு கோல்காப்பாளருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளத்தாக்கே தண்டனை அனுபவிக்கும். மூன்று நான்கு என்றால் நிதானம் வந்துவிடும். அவற்றை இரு பக்கத்துச் சம்பியன்களுக்குள் மட்டும் வைக்காமல், நடுத்தர அணிகளுக்குள்ளும் கடைசி அணிகளுக்குள்ளும் வைப்பது நல்லது. ஒரே கொப்பியில் திகதி, இரு அணிகள், வென்றது யார் என்று மூன்று விஷயத்தை எழுதிவைத்தால் போதும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை ஒருவர் ஒரு பின்னேரத்தில் பட்டியலைப் போட்டுவிடுவார். சமநிலையானால் இரு பக்கத்துக்கும் அரை வெற்றி, அரை தோல்வி என்று எழுத வேண்டும். ஆட வராத அணிக்கு என்ன எழுதுவது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பொகவந்தலாவையிலிருந்து வரும் லொறி எப்படியும் ஒரு நாளைக்கு வழியில் நிற்கும்.